நாப்பது கிலோமீட்டர் நடந்தவன்

மண்டபத்துல மைக் டெஸ்டிங் ஆரம்பிச்சு முக்கா மணி நேரமாச்சு, இன்னும் ஒன்னு ரெண்டு மூணைத் தாண்டி நாலுக்கு வரல. மேடையில ஏழு சேர் போட்டு, நடுச் சேர்ல பூத்துண்டு விரிச்சு சிறப்பு விருந்தினருக்குன்னு வச்சிருந்தாங்க. அதுக்கு எடது பக்கத்துச் சேர்ல செழியன், கழுத்துல சந்தன மாலையோட, பொண்ணு வராத கல்யாணத்து மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருந்தான். சந்தன மாலையா அது, மரத்தூளை சென்ட்ல முக்கி உருட்டுனது, கழுத்தை அரிக்குது, சொறியலாம்னா எதிர்ல முந்நூறு பேரு, போரைப் பாத்துட்டு வந்தவன் எப்படிச் சொறியறான்னு பாக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க. சிறப்பு விருந்தினர் பக்கத்துல வந்துட்டாருன்னு பத்து மணியில இருந்து சொல்றாங்க. உக்ரேன்ல கீவ் பக்கத்துல ரஷ்யாக்காரனோட டேங்க் வரிசையும்தான் ஒரு வாரமா பக்கத்துலயே வந்து நிக்குது, அதுக்காச்சும் டீசல் இல்லைன்னு சொல்றான், இவருக்கு என்ன கேடு. தலைக்குப் பின்னாடி பதினாறுக்கு எட்டு ஃபிளக்ஸ். அதுல செழியன் மொகம் ஒரு ஆள் ஒசரத்துக்கு, பின்னாடி ரெண்டு டேங்க், மூணு ஹெலிகாப்டர், எதுக்குன்னே தெரியாம ஒரு புலி. கீழ கொட்டை எழுத்துல, 'கார்கில் போர்முனையிலிருந்து மீண்டு வந்த எங்கள் மண்ணின் மைந்தன் மருத்துவர் சு. செழியன் அவர்களை அருப்புக்கோட்டை பஜார் வணிகர் நலச் சங்கம் வாழ்த்தி வரவேற்கிறது.' கார்கிவ்னு உக்ரேன் ஊருப் பேரைத் துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்ததை ஃபிளக்ஸ் கடைக்காரன் எழுத்துப் பிழைன்னு நெனச்சு, நம்ம சங்கத்துக்காரங்க படிக்காதவங்க பாவம்னு, அவன் செலவுல திருத்திக் குடுத்திருக்கான். கார்கில் சண்டை தொண்ணூத்தொம்பது. செழியன் பொறந்தது ரெண்டாயிரம் ஆகஸ்ட்டு. பொறக்கறதுக்கு ஒரு வருசம் முன்னாடியே போருக்குப் போயி, உயிரோட திரும்பி வந்து, அப்புறம் நிதானமா பொறந்த ஒரே ஆளு ஒலகத்துலயே இவன்தான். வந்ததும் சங்கத் தலைவர் பொன்னுராசுகிட்ட சொல்லத்தான் செஞ்சான். பொன்னுராசுக்கு பஜார்ல மூணு பாத்திரக்கடை, பேசினாலே அண்டாவை உருட்டின மாதிரி இருக்கும். "ஐயா, அது கார்கிவ்." "தம்பி, ரெண்டு எடத்துலயும் பனிதானே?"ன்னுட்டு மாலைக்காரனைத் திட்டப் போயிட்டாரு. யோசிச்சுப் பாத்தா இந்த மண்டபத்துலயே நேர்மையான பொருள் அந்த ஃபிளக்ஸ் ஒன்னுதான். அவன் இல்லாத சண்டைன்னு பட்டவர்த்தனமா எழுதியிருக்கு.

ஏன்னா செழியன் உக்ரேன்ல குண்டு விழுந்தப்ப உக்ரேன்ல இல்ல. மெட்ராஸ்ல, வடபழனியில, ரியாஸ்ங்கற கூட்டாளியோட ரூம்ல, கட்டில்ல படுத்துக்கிட்டு பரோட்டா பிச்சுக்கிட்டு இருந்தான். கார்கிவ்ல பத்து மாசம் இருந்தது நெசம். கைவிரல் மரத்துப்போற குளிரு, மூணரை மணிக்கே இருட்டுற சாயங்காலம், பாடம் நடத்துற ஹால்ல பொணத்து மேல அடிக்கிற மருந்து வாசனை, மண்டை ஓட்டுல இருக்கற ஒவ்வொரு ஓட்டைக்கும் லத்தீன்ல ஒரு பேரு. ஓட்டைக்குப் பேரு வச்சவனுக்கு வேலை இல்லைன்னா படிக்கிறவனுக்குமா வேலை இல்லன்னு கிளாஸ்ல ஒரு தடவை சொன்னான், தமிழ்ப் பசங்க சிரிச்சானுங்க, டீச்சரம்மா என்னன்னு கேட்டு வாங்கி மொழிபெயர்க்கச் சொல்லி, அதுவும் சிரிச்சுட்டு, பரீட்சையில பூஜ்யம் போட்டுச்சு. ரெண்டாவது தடவையும் பூஜ்யம். நவம்பர்ல பொட்டியைத் தூக்கிட்டு வந்துட்டான். ஊருக்கு வரல. வந்தா அப்பா இருக்காரு. அரசு பஸ்ல முப்பது வருசமா கண்டக்டர், உள்ள போ உள்ள போன்னு சொல்லிச் சொல்லியே பையனை டாக்டருக்குள்ள தள்ளினவரு. பாதி வழியில எறங்கிட்டேம்ப்பான்னு அவர்ட்ட எப்படிச் சொல்றது. அதனால மெட்ராஸ்ல சோத்துப் பையை முதுகுல மாட்டிக்கிட்டு, மழைக்கு சாக்ஸுக்கு மேல பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கிட்டு, வீடு வீடாப் பிரியாணி குடுத்தான். ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணி, "இங்க ஒரே பனிம்மா, நெட்டு வீக்கா இருக்கு, மொகம் தெரியாது"ன்னு சொல்லிட்டு ஃபேனை ரெண்டுல இருந்து அஞ்சுக்குத் திருப்புவான். நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தன் மாஸ்கோல உக்காந்துக்கிட்டு இவன் பொழப்புல குண்டு போடுவான்னு யாரு கண்டா.

ஒலகத்துக்கு இவன் மேல அப்படி என்ன கோவமோ. ரெண்டு வருசம் நீட் எழுதினான், ரெண்டு வருசமும் நீட்தான் இவனை எழுதுச்சு. சரி வெளிநாடு போவோம்னு பாஸ்போர்ட் எடுத்தான், சீனாக்காரன் இருமுனான், ஒலகமே கதவைச் சாத்திருச்சு. தட்டைத் தட்டுங்கன்னாங்க, தெருவே தட்டுச்சு, அப்பா மட்டும் மொட்டை மாடியில நின்னு கண்டக்டர் விசிலை ஊதினாரு, கொரோனா ரைட்டுன்னு போயிரும்னு நெனச்சாரு போல. கார்கிவ் காலேஜுல சேந்தும் மொதல்ல அனாட்டமி பாடத்தைப் போன்ல, டவர் கெடைக்கிற தண்ணித்தொட்டி மேல உக்காந்து படிச்சான். அப்புறம் தாலிபான் வந்தப்ப காபூல்ல இருந்து கெளம்புன அந்த ப்ளேன். கார்கிவ் ஹாஸ்டல்ல பன்னெண்டு பேரு ஒரே போனைச் சுத்தி நிக்கறானுங்க, ப்ளேன் ஓடுது, சக்கரத்துப் பக்கம் ஆளுங்க தொத்திக்கிட்டு ஓடறாங்க, செழியன் அப்பா குரல்லயே, "யோவ், ஃபுட்போர்டுல தொங்காத, மேல ஏறி வாய்யா!"ன்னான். பன்னெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள வானத்துல இருந்து ஒருத்தன் விழுந்தான். சின்னதா, ஒரு புள்ளி. அதுக்கப்புறம் யாரும் யாரையும் பாக்கல. செழியனுக்கு அந்தப் புள்ளி இப்பவும் கண்ணை மூடினா வலது ஓரத்துல இருக்கு, கண்ணுல தூசி விழுந்த மாதிரி, தேய்ச்சாலும் போகாது. அதுக்காக வாயை மூடிட்டானா. மூடுறதா இருந்தா அது அவன் வாயே இல்ல.

"தம்பி, டீ?" மேடைக்கு வந்த ஒருத்தர் பேப்பர் கப்பை நீட்டினாரு. "அங்க டீயெல்லாம் கெடைச்சுதா தம்பி?" "கெடைச்சுது சார், குண்டு விழற சூட்டுலயே போட்டுக்குவோம்." அவரு பயபக்தியா தலையாட்டிட்டுப் போனாரு. எதைச் சொன்னாலும் நம்புறானுங்க, அதுதான் எரிச்சல். பத்து நாளைக்கு முன்னாடி வரைக்கும் உக்ரேன்னா ஊரா மருந்தான்னு தெரியாதவனெல்லாம் இன்னிக்குக் காலையில டீக்கடையில நேட்டோவுக்குப் புத்தி சொல்றான். மொத வரிசையில அப்பா, யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு, லீவு போட்டவரு எதுக்கு யூனிஃபார்ம் போடணும், கேட்டா இதைவிட நல்ல சட்டை இல்லைங்கறாரு. பக்கத்துல அம்மா. அம்மாவைப் பாக்கறதை செழியன் அரைமணி நேரமாத் தவிர்த்துக்கிட்டு இருந்தான், ஃபேனைப் பாத்தான், புலியைப் பாத்தான், கால் பெருவிரலைப் பாத்தான். எட்டு நாளு அம்மா போனை எடுக்கல. சண்டை ஆரம்பிச்ச வியாழக்கிழமை காலையில அம்மாகிட்ட இருந்து பதினேழு மிஸ்டு கால். எடுத்து என்ன சொல்றது. நான் பத்திரமா இருக்கேன்னா, எங்கன்னு கேக்கும். பங்கர்ல இருக்கேன்னா, வடபழனி முருகன் கோயில் மணி அடிக்கும். போனை அமத்திட்டான். அமத்திட்டு ரியாஸ் போன்ல பாத்தான், அவன் இருந்த அதே தெருவு, அதே ஹாஸ்டல், நாலாவது மாடியில ஜன்னல் இருந்த எடத்துல கருப்பா ஓட்டை. லத்தீன்ல பேரு இல்லாத ஓட்டை. கீழ கேட்டுல எப்பவும் ஸ்லாவான்னு ஒரு வாட்ச்மேன் இருப்பான், முப்பது வயசு, செழியன் நன்றிக்குச் சொல்ற ஸ்பசிபாவைக் கேட்டு தெனம் சிரிச்சுட்டு தெனம் திருத்துவான். வீடியோவுல அவன் சேர் மட்டும் தெரிஞ்சுது, காலு மேல பாத்துக் கவுந்து கெடந்துச்சு. அன்னிக்கும் பரோட்டா சாப்ட்டான். சால்னா நல்லா இல்லைன்னு கடைக்காரன்கிட்ட சண்டை வேற போட்டான். இங்க அம்மா எட்டு நாளும் ஒரு பருக்கை வாயில வைக்கலைன்னு ஊருக்கு வந்தப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரியும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பஸ் புடிச்சு வந்து எறங்கினான். அம்மா கட்டிப்புடிச்சு அழுதுட்டு, தள்ளி நிறுத்திப் பாத்துட்டு, "என்னய்யா இப்படிக் கருத்துப் போயிட்ட?"ன்னுச்சு. மெட்ராஸ் வெயில்ல மூணு மாசம் பைக்ல சுத்தினவன் பனிநாட்டுல இருந்து வந்தா வேற எப்படி இருப்பான். "பனி எரிச்சிருச்சும்மா"ன்னான். பனி எரிக்குமான்னு ஒருத்தர் கேக்கல. அன்னிக்குச் சாயங்காலம் ஒரு உள்ளூர்ப் பேப்பர்க்காரர் வந்து உக்காந்தாரு. மூணு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனா கேக்கறதுக்கு ஒரு ஆளு வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்தா செழியனுக்குத் தாங்காது. யூடியூப்ல பாத்ததை எல்லாம் எடுத்து, உப்பு மொளகா போட்டு, லிவிவ் வரைக்கும் ரயிலு, அங்கேர்ந்து போலந்து பார்டருக்கு நாப்பது கிலோமீட்டர் நடை, மைனஸ் எட்டு டிகிரி, நானே நாலு பசங்களைக் கூட்டிக்கிட்டு வந்தேன் சார். கால் மரத்துப் போகலையா தம்பி? "சாக்ஸுக்கு மேல பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கணும் சார், அதான் சூட்சுமம்." நேத்துப் பேப்பர்ல போட்டோவோட வந்திருச்சு. தலைப்பே 'நடந்தால் பிழைக்கலாம்.' அந்தத் தலைப்பை அவன் சொல்லல, அது பேப்பர்க்காரர் கைவேலை, ஆனா அப்பா அதை லேமினேஷன் பண்ணிட்டாரு.

"அன்பார்ந்த வணிகப் பெருமக்களே!" பொன்னுராசு மைக்கைப் புடிச்சுட்டாரு. "விருந்தினர் பக்கத்துல வந்துக்கிட்டு இருக்காரு. அதுக்குள்ள ஒலக நிலவரத்தைச் சொல்றேன். இப்ப ரெண்டு நாட்டுக்காரனும் பேசி, பிள்ளைங்க வெளிய வர்றதுக்கு காரிடார் விடறதா ஒத்துக்கிட்டாங்க. காரிடார்னா என்ன? நம்ம ஹைஸ்கூல்ல வகுப்புக்கு வெளிய இருக்கே, அதான். அங்க அதை இத்தனை நாளாப் பூட்டி வச்சிருக்கான். நியாயமா?" கைதட்டல். செழியனுக்கு சிரிப்பு வந்துச்சு, வயித்துக்குள்ளயே அமுக்கினான். அமுக்கினப்புறந்தான் தெரிஞ்சுது அது சிரிப்பு இல்ல, பயம், ரெண்டும் ஒரே எடத்துல இருந்துதான் கெளம்புது போல. இன்னும் பத்து நிமிசத்துல பேசக் கூப்பிடுவாங்க. பேசறது ஒன்னும் பெருசில்ல, பொய்யி வாயில தயாரா இருக்கு, எச்சி மாதிரி ஊறிக்கிட்டே இருக்கு. பயம் என்னன்னா அம்மா நம்பும். பேசி முடிச்சதும் இந்தப் பொய்யி கல்லுல வெட்டுன மாதிரி ஆயிரும், அப்புறம் சாகற வரைக்கும் வருசா வருசம் நாப்பது கிலோமீட்டர் நடக்கணும், அவன் கல்யாணத்துல நடக்கணும், அப்பா கருமாதியில யாராவது கேட்டா அங்கயும் நடக்கணும். எந்திரிச்சு ஓடிரலாமா. எங்க ஓடறது, இனிமே எந்த நாட்டுல சண்டை வருதுன்னு பாத்துத்தான் ஓடணும்.

அப்பதான் அந்தம்மா மேடைப்படி ஏறி வந்துச்சு. பொன்னுராசு பேசிக்கிட்டே இருக்காரு, இது யாரையும் கேக்கல, நேரா செழியன்கிட்ட வந்து, சேருக்குப் பக்கத்துல தரையிலயே குத்துக்கால் வச்சு உக்காந்துச்சு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கழுத்துல தையக்காரங்க போடற இஞ்சு டேப்பை எடுக்க மறந்து அப்படியே வந்திருக்கு. "தம்பி, எம் பேரு அமலோற்பவம். மாதா கோயில் தெருவுல டைலர் கடை. எம் மக ஸ்டெஃபி சுமியில படிக்கிறா தம்பி." சுமி. செழியனுக்குத் தெரியும். எழுநூறு பசங்க இன்னும் வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டு இருக்கற ஊரு. பஸ்ஸு வராது, ரயிலு வராது, காரிடாராவது ஒன்னாவது, இன்னிக்கு விடறேங்கறான், நாளைக்கு அதுலயே சுடறான். "தண்ணி இல்லையாம் தம்பி. பனியை உருக்கிக் குடிக்குதுங்க. லைன்ல இருக்கா. உங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கணுங்கறா. நீங்க சொன்னாத்தான் கேப்பாளாம்." போனைக் கையில வச்சிட்டு, இன்னொரு கையால அவன் மணிக்கட்டைப் புடிச்சுக்கிச்சு. ஊசி குத்திக் குத்தித் தடிச்ச வெரலு, சொரசொரன்னு இருந்துச்சு.

"அண்ணா, நான் ஸ்டெஃபி." லைன்ல கொரகொரன்னு சத்தம், அதுக்குள்ள ஒரு சின்னப் பொண்ணு. "நாங்க அஞ்சு பேரும் ஹாஸ்டல் வாசல் கதவுக்கு உள்ள நிக்கறோம்ணா. பையெல்லாம் மாட்டிட்டோம். ரஷ்யா பார்டர் அம்பது கிலோமீட்டர்னு மேப்ல காட்டுது. எம்பசியில அங்கயே இருங்கன்னு சொல்றாங்க, எத்தனை நாளைக்கு இருக்கறது. அம்மா உங்க பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்புச்சு. நாந்தான் எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டினேன். நீங்க சொன்ன மாதிரியே சாக்ஸுக்கு மேல பிளாஸ்டிக் கவர் கட்டிட்டோம்ணா. வழியில நிக்காம நடந்துரலாமா, இல்ல நடுவுல எங்கயாவது தங்கணுமா? அது மட்டும் சொல்லுங்க."

பிளாஸ்டிக் கவர். கோடம்பாக்கம் பாலத்துக்கு அடியில முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, ஆறிப்போன பிரியாணிக்கு ஒருத்தன் போன்ல திட்டத் திட்ட, மளிகைக்கடைக்காரன்கிட்ட வாங்கிக் கட்டுன கவரு. அது இப்ப அஞ்சு பொண்ணுங்க கால்ல இருக்கு, பனியில, ரெண்டு பக்கமும் கண்ணிவெடி வச்ச ரோட்டைப் பாத்துக்கிட்டு. செழியனுக்கு வாயி காஞ்சு போச்சு. ஊறிக்கிட்டு இருந்ததெல்லாம் எங்க போச்சு. "போகாதீங்க ஸ்டெஃபி"ன்னான். "ஏண்ணா?" "ரோட்டுல சுடறான்." "இங்கயும்தான் சுடறான்." "எங்க ரூட்டு வேற, உங்க ரூட்டு வேற." "நீங்க மைனஸ் எட்டுல நடந்தீங்கள்ல, இங்க மைனஸ் அஞ்சுதான்." "எங்களுக்கு ஏதோ அதிர்ஷ்டம்." "எங்களுக்கும் இருக்கும்ணா, அம்மா மாதாவுக்கு வேண்டியிருக்கு." பாதிப் பொய்யைப் புடுங்கினா மீதிப் பொய்யி இன்னும் கெட்டியா நிக்குது. எதைச் சொன்னாலும் அவளுக்கு அது ஒரு வீரன் சின்னப் பொண்ணுக்குச் சொல்ற அக்கறையாவே போயி விழுது. அப்பாவைப் பாத்தான். அப்பா பெருமையா பக்கத்துச் சேர்க்காரரை முழங்கையால இடிச்சு, பாருங்க, பையன் உக்ரேனுக்கே பேசறான்னு காட்டிக்கிட்டு இருந்தாரு. பேசாம போனை வச்சிரலாம். சிக்னல் போயிருச்சுக்கான்னு சொல்லலாம், மூணு மாசம் அம்மாவுக்குச் சொன்ன பொய்யிதானே. வெரலு அந்தச் செவப்புப் பொத்தான் கிட்டக்கூடப் போச்சு. வலது ஓரத்துல அந்தப் புள்ளி கீழ எறங்குச்சு.

"ஸ்டெஃபி, கேளு. நான் நடக்கல"ன்னான், மெதுவா, அந்தம்மாவுக்குக்கூடக் கேக்காத மாதிரி.

லைன்ல ஒரே கொரகொரப்பு. அப்புறம் அவ குரலு, சந்தோசமா, அங்க இருக்கறவங்களைப் பாத்து: "நடக்கலாமாண்டி! அண்ணனே சொல்லிட்டாரு, நடக்கலாமாம்! வாங்க, வாங்க!"

பை ஒரசுற சத்தம். கதவு கிறீச்சுன்னு தொறக்குற சத்தம். 'நடக்கல'வோட கடைசியில ஒரு 'ஆம்' அவ காதுல தானா வந்து ஒட்டிக்கிச்சு. செழியன் சேரைத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சுட்டான். "நடக்கலாம் இல்ல! நடக்கல! ஏய், நான் நடக்கவே இல்ல!" "என்னண்ணா, கேக்கல, சத்தமாச் சொல்லுங்க." "நான் அங்க இல்லம்மா! சண்டை வந்தப்ப நான் உக்ரேன்லயே இல்ல! நவம்பர்லயே படிப்பை விட்டுட்டு வந்துட்டேன்! மெட்ராஸ்ல சோறு டெலிவரி பண்ணிக்கிட்டு இருந்தேன்! பனி, பார்டரு, நாப்பது கிலோமீட்டரு, எல்லாம் பொய்யி! அந்தக் கவரு மெட்ராஸ் மழைக்குக் கட்டுனது! கேக்குதா? பொய்யி!"

கேட்டுச்சு. பொன்னுராசு கையில இருந்த மைக்கு அதையும் புடிச்சு, நாலு ஸ்பீக்கர்லயும் நல்லாத் தெளிவா போட்டு விட்டுச்சு. காலையில இருந்து மூணுக்கு மேல எண்ணத் தெரியாத மைக்கு. டீக் கப்போட ஒருத்தரு நடு நடையில நின்னுட்டாரு. பொன்னுராசு, "யப்பா, போனை வாங்குங்கய்யா மொதல்ல"ன்னு ஒரு எட்டு வச்சாரு. மொத வரிசையில அப்பா எந்திரிச்சுட்டாரு. படியேறி வந்தாரு, மெதுவா, ஓடற பஸ்ல நடக்கற மாதிரி காலை அகட்டி வச்சு. மகன் மொகத்தைப் பாக்கல. பொன்னுராசுக்கு முன்னாடி கையை நீட்டி மறிச்சாரு. "அவன் பேசி முடிக்கட்டும். அதுக்கப்புறம் நான் இருக்கேன்."

லைன்ல ஒன்னும் இல்ல. கொரகொரப்பு மட்டும். அமலோற்பவம் மணிக்கட்டை விடல, நகம் தோலுக்குள்ள எறங்குது. வெளிய போயிட்டாளுங்களா, கதவைத் தாண்டிட்டாளுங்களா. "ஸ்டெஃபி?" "ஸ்டெஃபி, இருக்கியா?"

"நாயே"ன்னுச்சு அந்தக் குரலு. அப்புறம் மடை தொறந்திருச்சு. வெளங்காதவனே, நீயெல்லாம் மனுசனாடா, நாங்க சாகறதுக்குக் கெளம்பி நிக்கறோம்டா, உனக்குப் பேப்பர்ல மூஞ்சி வரணுமா, எங்கம்மா உன் போட்டோவைப் பைபிளுக்குள்ள வச்சிருக்குடா, அஞ்சு பேரைக் கொன்னுருப்பியேடா எருமை. அவ பின்னாடி இன்னொருத்தி, என்னடி ஆச்சுன்னு அழுதுக்கிட்டே கேக்கறா, இவ அவளுக்கு ஒரு வரி சொல்றா, திரும்ப இவனுக்குப் பத்து வரி. செழியன் ஒவ்வொன்னுக்கும் "ஆமா"ன்னான். தோளு சுவத்துல சாயற சத்தம் மாதிரி என்னமோ கேட்டுச்சு. தெருவுல நின்னா காத்து இரையும், காத்துச் சத்தம் இல்ல, குரலு எதிரொலிக்குது. உள்ளதான் இருக்கா. திட்டறவ நடக்க மாட்டா, நடக்கறவளுக்குத் திட்ட மூச்சு இருக்காது. இது செழியனுக்கு சட்டுன்னு வெளங்கிருச்சு, படிச்ச படிப்புலயே வெளங்குனது இது ஒன்னுதான். "பையை எறக்கியாச்சா?"ன்னான். "எதுக்குடா எறக்கணும்? உன்னை நேர்ல வந்து செருப்பால அடிக்கத்தான் கெளம்பறேன்!" "கண்டிப்பா வா. பஸ்ஸு விடுவாங்க, அதுல வா. நடந்து வந்து அடிச்சா கையில தெம்பு இருக்காது." "வாயி மட்டும் கொறையல பாரு உனக்கு!" கோவம் கொஞ்சம் தளர்ந்து, குரலு ஒடைஞ்சு, அழுகைப் பக்கம் சாஞ்சுது. அழுதா போனை வச்சிருவா. போனை வச்சா மறுபடி வாசல், மறுபடி ரோடு. கூடாது. முந்நூறு பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்பா மூச்சு பின்கழுத்துல சூடா அடிச்சுது, செழியன் போனைக் காதோட அழுத்திக்கிட்டு, காலையில இருந்து மொத தடவையா பயமில்லாம சொன்னான்: "அவ்வளவுதானா? சுமியில இவ்வளவுதான் சொல்லிக் குடுத்தாங்களா? இன்னும் நல்லாத் திட்டு, நாள் பூரா இருக்கு."

அங்க அவ மூக்கை உறிஞ்சிட்டு, மறுபடி மூச்சை இழுக்குற சத்தம் கேட்டுச்சு.